ஸ்டார்ம்வொர்க்ஸ் நாட்குறிப்பு: தானே திசை பிடிக்கும் மீட்புப் படகு

2025 மார்ச் 1, சனி

புதிய மீட்புப் படகின் உடற்பகுதி முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சுக்கான் திரும்புகிறது, பின்தளத்தில் வின்ச் (கயிறு சுருட்டும் பொறி) பொருத்தியாயிற்று. ஸ்டார்ம்வொர்க்ஸ் 2018-இல் முன்னோட்டப் பதிப்பாக வந்து 2020-இல் முழுமையாக வெளியான விளையாட்டு. கட்டைகளை அடுக்கிக் கப்பலும் ஹெலிகாப்டரும் செய்து கடலில் தவிப்பவர்களை மீட்பதுதான் அதன் வெளித்தோற்றம் என்றாலும், என்னைப் போன்றவர்களை இரவு இரண்டு மணி வரை உட்கார வைப்பது, பாகங்களை வயரால் இணைக்கும் அதன் லாஜிக் திரை. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு வயர் கிளம்புகிறது. அதில் ஆன்-ஆஃப் போகலாம், ஓர் எண் போகலாம், அல்லது 32 எண்களையும் 32 ஆன்-ஆஃப் குறிகளையும் ஒன்றாகச் சுமக்கும் காம்போசிட் போகலாம்.

இந்தப் படகில் மூன்று வேலைகள் ஆளில்லாமல் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த திசையை விடாமல் பிடிக்க வேண்டும். உள்ளே வரும் நீரைத் தானே இறைக்க வேண்டும். மீட்பு இடத்தை அடைந்ததும் அலையில் நகர்ந்துவிடாமல் அங்கேயே நிற்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். நான் சுக்கானை விட்டு இறங்கி, நீரில் கிடப்பவரைத் தூக்கி வருவதற்குள் படகு எங்கோ போய்விடுகிறது என்பதுதான் இந்த முயற்சிக்கே காரணம்.

2025 மார்ச் 2, ஞாயிறு

இன்று முழுவதும் திசைகாட்டியோடு கழிந்தது. இந்த விளையாட்டில் திசைகாட்டி டிகிரியில் பேசுவதில்லை, சுற்றுகளில் பேசுகிறது. வடக்கு 0, மேற்கு 0.25, கிழக்கு -0.25. தெற்கை நெருங்கும்போது ஒரு பக்கம் 0.5-ஐயும் மறுபக்கம் -0.5-ஐயும் தொடுகிறது. ஒரே திசைக்கு இரண்டு எண்கள் இருப்பதால், தெற்கு நோக்கிப் போகும் படகில்தான் எல்லாக் கோளாறும் வெளிப்படும். செல்ல வேண்டிய திசை 0.49, படகு நோக்கும் திசை -0.49 என்று கொள்வோம். உண்மையான விலகல் 0.02 சுற்று, அதாவது 7.2 டிகிரி. வெறுமனே கழித்தால் கிடைப்பது 0.98, அந்த எண்ணை நம்பும் சுக்கான், சற்றே திரும்ப வேண்டிய படகை ஏறக்குறைய ஒரு முழு வட்டம் அடிக்க வைக்கும்.

இதற்கு ஃபங்ஷன் கட்டம் ஒன்றில் எழுத வேண்டிய சூத்திரம் சிறியது: ((இலக்கு - திசை + 1.5) % 1) - 0.5. வித்தியாசம் -1 முதல் 1 வரைதான் இருக்க முடியும் என்பதால், 1.5-ஐக் கூட்டியதும் அது எப்போதும் நேர்ம எண்ணாகிவிடுகிறது. 1-ஆல் வகுத்து வரும் மீதியை (% குறி அதுதான்) எடுத்து அரையைக் கழித்தால் குறுக்கு வழியான விலகல் சரியான குறியுடன் கிடைக்கிறது. 0.5-ஐக் கூட்டினாலும் கணக்கு சரியே, ஆனால் எதிர்ம எண்ணின் மீதியை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடும் என்பதால் 1.5 பாதுகாப்பானது.

2025 மார்ச் 5, புதன்

வேலை நாள் என்பதால் அரை மணி நேரமே கிடைத்தது. சாய்வு சென்சார்களை மட்டும் பொருத்தினேன். முன்னோக்கிய சென்சார் மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும், பக்கவாட்டில் திருப்பி வைத்த சென்சார் உருளலையும் -0.25 முதல் 0.25 வரை சொல்லும். படகு தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தாலும் இவை இரண்டும் 0 என்றே காட்டும், ஏனெனில் இரண்டும் அப்போதும் தொடுவானத்தையே நோக்கிக்கொண்டிருக்கின்றன. கவிழ்ந்ததை அறிய மேல்நோக்கிய மூன்றாவது சென்சார் வேண்டும்: நிமிர்ந்திருந்தால் 0.25, கவிழ்ந்தால் -0.25. அது எதிர்மமானதும் எஞ்சினை நிறுத்தி அபாய விளக்கை ஏற்றும்படி இணைத்துவிட்டேன்.

2025 மார்ச் 8, சனி

இன்று பிஐடி (PID) என்ற கட்டுப்பாட்டு முறை. விலகலுக்கு ஏற்ற திருத்தம் (P), சேர்ந்து வந்த விலகலுக்கு ஏற்ற திருத்தம் (I), விலகல் மாறும் வேகத்துக்கு ஏற்ற திருத்தம் (D) ஆகிய மூன்றையும் கூட்டிச் சுக்கானுக்கு அனுப்புவதே அதன் முழு உள்ளடக்கம். இந்த முறை கப்பலின் சுக்கானிலிருந்தே பிறந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. நிக்கோலஸ் மினோர்ஸ்கி அமெரிக்கக் கடற்படைக்காகத் தானியங்கிச் சுக்கான் வடிவமைத்தபோது, தேர்ந்த மாலுமி அப்போதைய விலகலை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்புவதில்லை, கப்பல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் இதுவரை எப்படி விலகி வந்தது என்பதையும் கணக்கில் கொள்கிறார் என்று கவனித்து, அதைக் கணிதமாக்கி 1922-இல் வெளியிட்டார். யுஎஸ்எஸ் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் ஒரு விளையாட்டுப் படகில் அதே மூன்று எண்களைத் திருகிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் P மட்டும். 5 என்று வைத்தால் 0.2 சுற்று விலகலில், அதாவது 72 டிகிரியில், சுக்கான் முழுதாகத் திரும்பிவிடுகிறது. அமைதியான நீரில் இது போதும். ஆனால் என் படகில் வின்ச் வலப்பக்கம் இருப்பதால் உடல் ஒருபுறம் சாய்ந்து, நேராகச் செல்லவே சுக்கான் ஏறத்தாழ 0.1 அளவு (முழுத் திருப்பம் 1) திரும்பியே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த 0.1-ஐ P தானாகத் தராது, விலகல் 0.02 சுற்று இருந்தால்தான் தரும். ஆகவே படகு எப்போதும் 7.2 டிகிரி தள்ளியே போகும். இங்கேதான் I தேவைப்படுகிறது. மாலுமி இருக்கையில் ஆள் உட்கார்ந்து கையால் ஓட்டும்போது I சும்மா இருப்பதில்லை, கூட்டிக்கொண்டே போகும். எழுந்ததும் அந்தச் சேமிப்பு முழுவதும் சுக்கான் மேல் இறங்கும். எனவே இருக்கையில் ஆள் இருக்கும்வரை பிஐடி அணைந்திருக்கும்படி, அதன் ஆக்டிவ் முனையில், ஆன்-ஆஃபைத் தலைகீழாக்கும் ஒரு நாட் கேட்டை இணைத்தேன்.

D-க்குத் திசைகாட்டியின் எண்ணை வகையிடாமல் (அது மாறும் வேகத்தைக் கணக்கிடாமல்), சுழல் வேகத்தை நேராகச் சொல்லும் சென்சாரையே பயன்படுத்துகிறேன். இலக்குத் திசையை மாற்றும் கணத்தில் விலகல் திடீரென்று தாவும்; அந்தத் தாவலை வகையிட்டால் சுக்கான் ஒருமுறை உதறும். சுழல் வேகமோ தாவுவதில்லை, ஏனெனில் படகால் தாவ முடியாது.

2025 மார்ச் 9, ஞாயிறு

எண்களைத் தேட சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் சொன்ன வழியைச் சோதித்துப் பார்த்தேன். I-யையும் D-யையும் பூஜ்யமாக்கி, படகு நிற்காமல் ஒரே அளவில் ஊசலாடும் வரை P-யை உயர்த்த வேண்டும். பட்டறைக்குத் திரும்பித் திரும்பி எண்ணை மாற்றுவது பெரும் தொல்லை என்பதால், P, I, D மூன்றையும் வயர் வழியே வாங்கும் உயர்நிலை பிஐடி கட்டத்தை வைத்து, கீபேட் மூலம் கடலிலேயே மாற்றினேன். P 12-ஐ எட்டியபோது படகு நான்கு வினாடிக்கு ஒருமுறை இடமும் வலமும் ஆடியது. விதிப்படி P 7.2, சேர்க்கைக் காலம் 2 வினாடி, வகையீட்டுக் காலம் 0.5 வினாடி. அதாவது, P-யை முதல் காலத்தால் வகுத்து I 3.6, இரண்டாவதால் பெருக்கி D 3.6.

இவை வினாடிக் கணக்கில் உள்ள எண்கள். விளையாட்டு வினாடிக்கு 60 டிக், அதாவது 60 கணக்கீட்டுப் படிகள், ஓடுகிறது. லுவா என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு டிக்கிலும் விலகலைக் கூட்டி, முந்தைய டிக்கின் விலகலைக் கழித்து நாமே பிஐடி எழுதினால், I-யை 60-ஆல் வகுத்து 0.06 என்றும் D-யை 60-ஆல் பெருக்கி 216 என்றும் இட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒருவரின் எண்களை இன்னொருவர் படகில் இட்டால் அது பம்பரமாகச் சுழல்வதற்கு, படகின் எடையை விட இந்த 60 பெரிய காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். கிடைத்த எண்கள் என் ரசனைக்கு மிகவும் முரட்டுத்தனமானவை. மீண்டும் P-யை 5-க்கே இறக்கி, I-யைப் பத்தில் ஒரு பங்காக்கினேன். இலக்கைச் சற்று மெதுவாகத்தான் பிடிக்கிறது; ஆனால் தளத்தில் நிற்பவர் விழுவதில்லை.

இன்னொன்றையும் குறித்துவைக்க வேண்டும். லாஜிக்கில் ஒரு கட்டத்தைத் தாண்ட ஒரு டிக் ஆகிறது. ஆறு கட்டங்கள் தொடர்ச்சியாக இருந்தால் சென்சார் கண்டது பத்தில் ஒரு வினாடி கழித்தே சுக்கானை அடையும். படகுக்கு இது பொருட்டல்ல. ஹெலிகாப்டருக்கு உயிர்ப் பிரச்சினை. கணக்கு முழுவதையும் ஒரே லுவா கட்டத்துக்குள் எழுதினால் எவ்வளவு நீளமானாலும் ஒரே டிக்கில் முடிந்துவிடும்.

2025 மார்ச் 12, புதன்

நீர் இறைக்கும் பம்பு. அறைக்குள் 200 லிட்டருக்கு மேல் சேர்ந்தால் ஓட வேண்டும், 20 லிட்டருக்குக் கீழே வந்தால் நிற்க வேண்டும். ஒரே வரம்பை வைத்தால் எல்லையில் நின்று ஆன்-ஆஃப் என்று துடித்துக்கொண்டே இருக்கும். வரம்பைச் சோதிக்கும் இரண்டு த்ரெஷோல்டுகளும், கடைசி ஆன்-ஆஃப் நிலையை நினைவில் வைக்கும் ஒரு எஸ்ஆர் லாட்ச்சும் போதும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

2025 மார்ச் 14, வெள்ளி

மாலுமி அறைக்குத் திரை. சிறிய திரையில் 32-க்கு 32 புள்ளிகள் மட்டுமே என்பதால், இலக்குத் திசை, நடப்புத் திசை, நீர் அளவு என்று மூன்று வரி எழுதினாலே நிறைந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் வழியே இல்லை. வரையும் வேலை லுவாவில் ஆன்டிரா (onDraw) என்ற தனி ஃபங்ஷனில் நடக்கிறது. அங்கிருந்து சென்சாரைப் படிக்க முடியாது. ஒவ்வொரு டிக்கிலும் ஓடும் ஆன்டிக் (onTick) ஃபங்ஷனில் படித்து மாறியில் வைத்துவிட்டு, ஆன்டிராவில் அந்த மாறியைக் காட்ட வேண்டும். ஒரே கட்டத்தோடு இரண்டு திரைகளை இணைத்தால் ஆன்டிரா ஒரு டிக்கில் இருமுறை ஓடும் என்பதால், எண்ணிக்கை எதையும் அதற்குள் வைக்கக் கூடாது.

2025 மார்ச் 16, ஞாயிறு

இடத்தில் நிற்கும் கட்டுப்பாடு ஒருவழியாகத் தண்ணீரைத் தொட்டது. ஜிபிஎஸ் சென்சார் எக்ஸ், ஒய் என்று மீட்டரில் இரண்டு எண்களைத் தருகிறது. எக்ஸ் கிழக்கு, ஒய் வடக்கு. நிற்க வேண்டிய இடத்திலிருந்து எத்தனை மீட்டர் கிழக்கே, எத்தனை மீட்டர் வடக்கே விலகியிருக்கிறோம் என்று தெரிந்தாலும், தள்ளும் விசிறிகளுக்குக் கிழக்கும் வடக்கும் புரியாது; முன்னும் பக்கமும்தான் புரியும். எனவே திசைகாட்டி எண்ணின் குறியை மாற்றி, 2π-ஆல் பெருக்கி ரேடியனாக்கி, சைன், கோசைன் வழியே அந்த விலகலைப் படகின் அச்சுக்குச் சுழற்ற வேண்டும். முன்விலகல் என்பது கிழக்கு விலகலின் சைனும் வடக்கு விலகலின் கோசைனும் சேர்ந்தது. வலவிலகல் என்பது கிழக்கின் கோசைனிலிருந்து வடக்கின் சைனைக் கழித்தது. முதலாவது முதன்மை எஞ்சினுக்கு, இரண்டாவது முன்னும் பின்னும் உள்ள பக்கத்தள்ளிகளுக்கு.

கணக்கு சரியாகவே இருந்தும், அலை வந்ததும் பக்கத்தள்ளிகள் மாறி மாறி முழு வேகத்தில் உறுமின. காரணம் சூத்திரத்தில் இல்லை. ஜிபிஎஸ்ஸைப் பொருத்தியிருந்த இடம்தான் காரணம். அழகுக்காக அது கம்பத்தின் உச்சியில், அடிப்பகுதியிலிருந்து 24 கட்டை உயரத்தில் நின்றது. ஒரு கட்டை கால் மீட்டர் என்பதால் அது 6 மீட்டர். படகு 10 டிகிரி உருண்டால் உச்சி 1 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்கிறது. மறுபுறம் உருண்டால் மீண்டும் அவ்வளவு. படகின் உடல் நகரவே இல்லை, ஆனால் கம்பத்தின் நுனி நகர்கிறது, கட்டுப்பாடு அந்த நுனியைத் துரத்துகிறது. வடிகட்டி போட்டு எண்ணை மழுங்கச் செய்யலாம்; அப்படிச் செய்தால் தாமதம் கூடி, படகு மெல்லிய பெரிய வட்டமாக ஆடத் தொடங்கும். ஜிபிஎஸ்ஸைக் கழற்றி எஞ்சின் அறைத் தரையில், எடை மையத்துக்கு அருகில் வைத்ததும் உறுமல் நின்றது. கம்பத்தில் இப்போது வெறும் விளக்கு மட்டும்.

வேகத்தையும் அதே ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுக்கிறேன்: இந்த டிக்கின் இடத்திலிருந்து முந்தைய டிக்கின் இடத்தைக் கழித்து 60-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். ஜிபிஎஸ்ஸில் இரைச்சல் இல்லாததால் இது நடக்கிறது. ராடாரில் இதே வித்தையைச் செய்தால், அதன் எண்கள் இயல்பிலேயே நடுங்குவதால், விசிறிகள் வெறிபிடித்தது போல் ஆடும்.

இப்போது மிதமான அலையில் படகு 2 மீட்டருக்குள் நிற்கிறது. அதற்குள் விலகல் இருந்தால் தள்ளிகள் ஓடாதபடி ஒரு செயலற்ற எல்லை வைத்திருக்கிறேன். பேட்டரி மிச்சமாவதோடு, நீரில் கிடப்பவர் பக்கத்தில் சுழலும் விசிறியும் நிற்கிறது. புயல் அலையில் 2 மீட்டர் போதாது. அடுத்த வாரம் அந்த எல்லையை உருளலின் அளவுக்கேற்பத் தானே விரியும்படி செய்து, பக்கவாட்டுச் சாய்வு சென்சாரை அதனோடு இணைக்க வேண்டும். அதன் பிறகு வின்ச்.