கண்மாய்க் கரையில் சைக்கிளும் உள்ளானும்

தை மாதம், விடிகாலை 5.30. சைக்கிளில் பறவை பார்க்கக் கிளம்புகிறோம். மதுரைத் தெப்பக்குளத்திலிருந்து சிந்தாமணி, பனையூர் வழியாகச் சாமநத்தம் கண்மாய். 6.30க்குக் கரையில் இருந்தாக வேண்டும். மதுரைக்குக் கீழே நிலம் வைகை போகிற போக்கில் தென்கிழக்காகச் சரிகிறது. கண்மாய்க்குக் கரை போடுவது தாழ்ந்த பக்கத்தில். அதனால் இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் கரை கிழக்கிலோ தெற்கிலோ இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே, வடக்கே விரிந்து கிடக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் நம் முதுகில், பறவையின் முகத்தில். மாலையில் அதே இடத்தில் எல்லாமே கறுப்பு நிழல்தான். புதுக் கண்மாய் என்றால் முந்தின நாளே செயற்கைக்கோள் வரைபடத்தில் கரை எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம்.

கரையிலிருந்து 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும்) தொலைநோக்கிக்கு எட்டுவது கூழைக்கடா, நாமக்கோழி, நீலச்சிறகி வாத்துக் கூட்டம். சிறகிகளைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போவதே நல்லது. மொத்தமாகக் குத்துமதிப்புப் போட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். ஒரு கண்மாய்க்கு, பார்த்த பறவைகளின் பட்டியல் ஒன்று, குறைந்தது 15 நிமிடம் நின்று எழுதியது. வழியில் கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையை அதில் சேர்க்கக் கூடாது.

ஆடு மாடு மேய்ப்பவர்கள் சைக்கிளில் போய்வருகிற கரை என்பதால் ஓடுகிற சைக்கிளைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை. காலை ஊன்றியதும் எழும்பிவிடும். கூட்டத்தைத் தாண்டி இருபது முப்பதடி போய், ஒரு பனையின் மறைவில் இறங்குவதுதான் தோதானது.

பெரிய தொல்லை சீமைக்கருவேல் முள். கரிமூட்டத்துக்கு வெட்டிய கிளையை இழுத்துப்போன தடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பஞ்சர் ஆனால் முள்ளை உடனே பிடுங்காமல், டயரில் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் கழற்றினால் டியூபில் ஓட்டை தேடுவது சுலபம். முள் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். கந்தல் துணியை உட்புறம் ஒரு சுற்றுத் தடவினால் நூல் மாட்டும் இடம் அதுதான். இதை விட்டால் புது டியூபும் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். சொல்யூஷன் தடவி, ஈரப்பளபளப்பு போகும்வரை நாலைந்து நிமிடம் பொறுத்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டியது வெயிலில் உரிந்துகொள்ளும். மாற்று டியூப் இரண்டு எடுத்துப்போவது மிகையல்ல.

சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் கரைப்பக்கம் அதிகம் வராது. தண்ணீர் வற்ற வற்ற உள்வாயில், அதாவது கரைக்கு எதிரே ஆழமில்லாத பக்கத்துச் சேற்றில்தான் பெரும்பாலும் மேயும். அங்கே போக வேண்டிய நேரம் மாலை நாலுக்கு மேல், வெயில் மேற்கே சாய்ந்த பிறகு. நெடுங்கால் உள்ளானை இளஞ்சிவப்புக் காலே காட்டிக்கொடுக்கும். குழப்பம் பொறி உள்ளானும் சாதா உள்ளானும். வாலைச் சதா ஆட்டிக்கொண்டு, தோளருகே வெள்ளை மேலேறி நின்றால் சாதா உள்ளான். முதுகெல்லாம் வெளிர்ப்புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, மஞ்சள் கலந்த கால் என்றால் பொறி உள்ளான். சேறு அப்பின காலை நம்ப வேண்டாம். எழும்பும்போது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். பொறி உள்ளானுக்குத் தெரியும், மற்றதற்குத் தெரியாது.