சாக்கை மாணவர் கையில் கொடுங்கள்

பள்ளிகளில் தீயணைப்புச் செயல்விளக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. மைதானத்தில் எல்லா வகுப்புகளும் வரிசையாக உட்காரும். தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, ஒரு வீரர் நொடியில் அணைப்பார். கைதட்டல், குழுப் படம், முடிந்தது. வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரின் கை சரியாக வேலை செய்யும்?

9 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு ஒரு வகுப்பு வீதம், முப்பது நாற்பது பேராக நடத்துவதே சரி. ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் பிள்ளைகள் தேர்விலோ விடுமுறையிலோ இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைக் கேட்டு தீயணைப்பு நிலைய அலுவலருக்குத் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்துவிடலாம்.

முதலில் தீயணைப்பான். வகுப்பறை வராந்தாவில் மாட்டியிருப்பது பெரும்பாலும் ஏபிசி பவுடர் வகை, அதாவது திடப்பொருள், எண்ணெய், வாயு ஆகிய மூன்று வகைத் தீக்குமானது. அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாணவரையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியான ‘பின்’. இங்கேதான் பாதிப் பேர் திணறுவார்கள்: பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டே பின்னை இழுப்பார்கள், அது சிக்கிக்கொள்ளும். கைப்பிடியை விட்டுவிட்டு, பின்னைச் சற்றுத் திருகினால் பிளாஸ்டிக் முத்திரை அறுந்து கையோடு வந்துவிடும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மிக அருகில் போனால் பவுடரின் வேகமே எரியும் டீசலைத் தட்டுக்கு வெளியே சிதறடிக்கும். தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து இடமும் வலமுமாக வீச வேண்டும். மேலே எழும் சுவாலையின் மேல் அடித்தால் பவுடர்தான் வீணாகும். 6 கிலோ தீயணைப்பான் ஏறக்குறைய 15 முதல் 20 நொடிதான் வரும். அணைந்ததும் திரும்பி நடக்கக் கூடாது. தீ மறுபடி பிடிக்கலாம், அதனால் அதைப் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும்.

ஈரச் சாக்கு இதைவிட முக்கியம், ஏனென்றால் வீட்டில் தீயணைப்பான் இருக்காது. சாக்கின் மேல் ஓரத்தை விரல்களுக்கு மேல் மடித்துப் பிடித்தால் கை சுடாது. முகத்துக்கு நேரே திரைபோல் தூக்கிப் பிடித்து, நம் பக்கத்து விளிம்பிலிருந்து மறுபக்கமாக மெல்லப் படர விட வேண்டும். தூக்கி எறிந்தால் காற்றுத்தான் வீசும், தீ நம் பக்கமே திரும்பும். எண்ணெய்ச் சட்டிக்குத் துணியை நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும். சொட்டும் நீர் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் ஏறக்குறைய 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாகி எரியும் எண்ணெயை முகத்தில் வாரி அடிக்கும். தட்டால் மூடுவது இன்னும் எளிது. அடுப்பை அணைத்து, மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்தபின் 1906-ஐ அழைக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பற்பசையும் பேனா மையும் வேண்டவே வேண்டாம்.

வெளியேறும் பயிற்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது; இறங்கி ஓடப் போதுமான வழி இல்லை. கீற்றுக் கூரைகள் போய்விட்டன. ஆனால் பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வாசலையும், மாடிப்படியின் கீழே அடுக்கிய உடைந்த பெஞ்சுகளையும் இன்றும் பார்க்கலாம். வந்திருக்கும் வீரர்களை அந்தப் படியில் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மணி அடித்ததும் பைகளை விட்டுவிட்டு இறங்க வேண்டும், ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு கடைசியாக வர வேண்டும், மைதானத்தில் பெயர் சொல்லிக் கணக்கெடுக்க வேண்டும்.

தீயணைப்புத் துறை வேலை பற்றிய பேச்சு கடைசி ஐந்து நிமிடத்தில் அடிபட்டுப் போகிறது. அதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, வெள்ளத்தில் படகு செலுத்துவது எல்லாம் இந்தத் துறையின் அன்றாடம். தீயணைப்பாளர் தேர்வைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்த் தகுதித் தேர்வில் தேறாவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்த மாட்டார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்குபவருக்கு இது பெரிய காரியமல்ல. பலர் தடுமாறுவது கயிறு ஏறுவதில். கைப்பலம் மட்டும் போதாது, கால்களால் கயிற்றைப் பின்னிப் பூட்டிக்கொள்ளப் பழக வேண்டும்.

அண்மை ஆண்டு அறிவிக்கைகளில் தீயணைப்பாளர் பணியிடம் ஆண்களுக்கே வந்திருக்கிறது. மாணவிகளிடம் அதை மறைக்காமல் சொல்லி, குரூப் 1 வழியைக் காட்டுங்கள். பட்டம் முடித்து அந்தத் தேர்வெழுதினால் இத்துறையில் மாவட்ட அலுவலராகலாம். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் குரூப் 1 எழுதி இத்துறைக்கு வந்த அதிகாரிகள்தாம். பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிப்பவருக்கு நாக்பூரில் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியில் தீப் பொறியியல் பட்டப் படிப்பும் இருக்கிறது.