பெரணி இலையில் பச்சை நின்றுவிட்டது

வகுப்பில் காட்டுவதற்காகப் பதப்படுத்திக் குடுவையில் வைத்திருக்கும் பெரணி இலை இந்த முறை பச்சையாகவே நிற்கிறது! எஃப்.ஏ.ஏ. கரைசலில் (ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் மூன்றும் கலந்தது) நேராகப் போட்டால் திசு கெடாது, ஆனால் ஆல்கஹால் பச்சையத்தைக் கரைத்து இழுத்துவிடும், இலை வெளிறிப்போகும். ஸ்போர் பைகளைக் காட்ட அது போதும். வகுப்பில் செடியைச் செடியாகவே காட்ட வேண்டுமென்றால் நிறம் வேண்டும்.

காப்பர் அசிடேட் என்ற தாமிர உப்பில்தான் விஷயமே இருக்கிறது. 50 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அதை இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, கொதி வரும் தறுவாயில் இலையை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை செத்து, பழுப்பு மஞ்சளாகிவிடும். பதறி எடுத்துவிடக் கூடாது. அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தைக் கழற்றுகிற நேரம் அது. அந்த இடத்தில் தாமிரம் போய் உட்கார்ந்ததும் பச்சை திரும்பி வருகிறது. மெல்லிய ஓரங்களில் முதலில் தெரிந்தது, நடுநரம்பை ஒட்டிய பகுதி கடைசியில்தான் தேறியது. அங்கேயும் ஒரே சீராக வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் இலை குழைந்துபோகும். அமில ஆவி கண்ணைக் கரிக்கும், காற்றோட்டம் இல்லாமல் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, தாமிரம் அதில் படிந்துவிடும்.

நீலம் போகும்வரை கழுவி, 5 சதவீத ஃபார்மலினில் போட்டாயிற்று. காய்ச்சி வடித்த நீரில்தான் கலந்தேன். குழாய்த் தண்ணீரின் உப்பு பிற்பாடு கரைசலைக் கலங்கலாக்கும்.

அப்புறம் மிதக்கும் தொல்லை. இலைக்குள் காற்று இருக்கிறவரை அது அடியில் நிற்காது. சின்னத் துண்டுகளுக்குப் பெரிய சிரிஞ்சு அருமையான கருவி: தண்ணீரோடு உள்ளே விட்டு, முனையை விரலால் அடைத்துப் பின்தண்டை இழுத்தால் குமிழிகள் பொலபொலவென்று வெளியேறும். முழு இலையைக் கண்ணாடிப் பட்டையில் நைலான் நூலால் கட்டிவிட்டேன்.

காப்பர் அசிடேட் வாங்குகிறவர்கள் சின்னப் புட்டியே வாங்கலாம். கரைசலைத் திரும்பப் பயன்படுத்தலாம், வீரியம் குறையும்போது கொஞ்சம் சேர்த்தால் சரி. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. குடுவைக்கு உலோக மூடி வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.

இதன் மூடியை இன்னும் மெழுகால் அடைக்கவில்லை, அதற்குள் மார்கான்ஷியா என்ற, ஈரத் தரையில் தட்டையாகப் படரும் சிறு செடியின் பக்கம் மனம் போய்விட்டது. அதன் மென்மைக்குச் சூடு தாங்காது. காப்பர் சல்பேட்டில் சூடில்லாமல் ஊறவைத்துப் பார்க்கப் போகிறேன்.