பிள்ளை கூட்டுவது வேறு, அரசு வழித் தத்து வேறு

காரைக்குடிப் பக்கம் தத்து என்றதும் பெரியவர்கள் வாயில் வருவது, "பங்காளி வீட்டில் பார்த்துப் பிள்ளை கூட்டிக்கொள்ளலாமே" என்பதுதான். உறவுக்குள் இப்படித் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளை 15 வயதுக்குள், கல்யாணமாகாமல் இருக்கவேண்டும். வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு. வளர்ந்த, கல்யாணமான பையனைக்கூட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) சுவீகாரம் எடுப்பது அந்த விலக்கில்தான் நிற்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். நாளைக்குச் சொத்து வழக்கு வந்தால், தத்து செல்லாது என்பவர்தான் நிரூபிக்கவேண்டும்.

ஆனால் கைவிடப்பட்ட குழந்தைக்கு இந்தப் பத்திரம் உதவாது. "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கு, பேசி முடிச்சிடலாம்" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசு கைமாறினால் அது குழந்தை விற்பனை. வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம்.

அரசு வழி, மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் தொடங்குகிறது. பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்றவேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது இங்கேதான். பான் அட்டையில் மூன்று இனிஷியல், ஆதாரில் ஒன்று, கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைபிடிமானம் கையில் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். திருமணப் பதிவுச் சான்றிதழ்தான் வேண்டும்.

அடுத்து முகவரி. பெரிய வீடு ஊரில், குடியிருப்பது சென்னையில் என்றால் சென்னை முகவரியையே கொடுங்கள். வீட்டையும் குடும்பத்தையும் நேரில் பார்க்கும் வீட்டாய்வுக்கு ஆள் வருவது நீங்கள் வாழும் இடத்துக்கு. ஊரோடு இருப்பவர்களில் தேவகோட்டை, கானாடுகாத்தான்காரர்களுக்குச் சிவகங்கை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு; ராயவரம், கோனாப்பட்டு என்றால் புதுக்கோட்டை. வீட்டாய்வு அறிக்கை 3 ஆண்டு செல்லும்.

வயதுக் கணக்கும் முக்கியம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது; 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8க்கு 100, அதற்கு மேல் 110. தனியாக வாழும் ஆணால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. கல்யாணமாகி 2 ஆண்டு ஆகியிருக்கவேண்டும்.

காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். குழந்தையின் விவரம் வந்தால் முடிவு சொல்ல 48 மணி நேரம்தான், ஆகவே பதிந்த கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றமல்ல, கலெக்டர். அதன்பின் 2 ஆண்டுக்கு, 6 மாதத்துக்கொரு முறை வந்து பார்ப்பார்கள்.

பண உதவி? மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் வளர்ப்புப் பராமரிப்புக்கும் ஆதரவுத் திட்டத்துக்கும்; தத்தெடுத்தவர்களுக்கு இல்லை. தனியார் வேலையில் இருக்கும் அம்மாவுக்கு 12 வாரச் சம்பள விடுப்பு என்று 2017 சட்டத்திருத்தம் சொன்னது, அதுவும் குழந்தை 3 மாதத்துக்குட்பட்டிருந்தால். நடைமுறையில் அந்த வயதுக்குள் குழந்தை வீடு வந்து சேர்வது அரிது. சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாதா என்ன!