யாருக்கு வசதி?

சேலத்தில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "உள்ள கட்டிப் போடுவாங்களா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்தவர்கள் ஓட வழியில்லாமல் போய் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த தலைமுறை அதை மறக்கவில்லை. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று பட்டவர்த்தனமாகவே சொல்லிவிட்டது.

நான் வேலை பார்த்த இடங்களில் சங்கிலி இல்லை. நைட்டி இருந்தது, முடிவெட்டும் மெஷின் இருந்தது, போன்களை வைத்துப் பூட்டும் அலமாரி இருந்தது.

ஆரம்பத்தில் ஒரு தனியார் இல்லத்தில் இருந்தேன். பெண்கள் பகுதியில் எல்லாருக்கும் ஒரே நிற நைட்டி. கொடியிலிருந்து எடுத்து மடித்து, கைக்கு வந்ததை முன்னால் நிற்பவரிடம் கொடுப்பார்கள். ஒல்லியானவருக்குத் தோளில் நழுவும். மாத்திரையால் உடம்பு போட்டவருக்கு அக்குளில் தெறிக்கும். உள்ளாடையும் அப்படித்தான், இன்னாருடையது என்று கிடையாது. ஒருவர் தலையில் பேன் என்றால் அந்த அறைக்கே மொட்டை. ஆயாக்கள் கெட்டவர்கள் இல்லை. அத்தனை தலைக்கும் மருந்து தடவி, ஈரும் பேனும் எடுப்பதற்கு இருக்கிற ஆள் போதாது. மெஷின் என்றால் ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சொந்தத் துணி உடுத்த விட வேண்டும், கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, மாதவிலக்குக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும், கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது என்றால், ஊர் முழுக்க இதுதான் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

கூலி விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். காய் நறுக்குவதும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் பலருக்கு நல்லதுதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சமையலுக்கு ஆள் வராத நாளில் மட்டும் அந்த 'சிகிச்சை' ஞாபகம் வருகிறதென்றால் அதற்குப் பேர் வேறு.

அங்கே ஏற்காட்டைத் தாண்டி உள்ளே ஒரு மலைக்கிராமத்துப் பெண் இருந்தார். கேஸ் ஷீட்டில் 'குடும்பத்தாரால் கைவிடப்பட்டவர்' என்று எழுதியிருந்தது. காரணம், பார்க்க யாரும் வருவதில்லை. பார்வை நேரம் ஞாயிறு காலை 10 முதல் 12. அந்த ஊரிலிருந்து முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும், அங்கிருந்து பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், சேலம் வந்து டவுன் பஸ் மாற வேண்டும். பன்னிரண்டுக்குள் வந்து சேர்வதே பெரும்பாடு. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவும் முடியாது. கைவிட்டவர்கள் யார் என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

போன் பேச விடுங்கள் என்றேன். பேசினால் பதற்றம் கூடும் என்றார்கள். சிலருக்குக் கூடும், மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வருபவரைப் பார்ப்பதும், போனில் பேசுவதும், வேண்டாம் என்று மறுப்பதும் அவரவர் உரிமை என்று 26-வது பிரிவு சொல்கிறது. இரண்டு வாரம் இழுத்தடித்து, ஒரு சாயங்காலம் ஆபீஸ் போனைக் கொடுத்தார்கள். பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

அந்தப் பக்கம் அண்ணன். டவர் கிடைக்கிற பாறைக்கு ஏறி வந்திருந்தார் போல, மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

"ஆடு குட்டி போட்டுச்சாண்ணா?"

"ரெண்டு. ஒண்ணு கெடா."

"கெடாவ வித்துப்புடாத."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. மழை, அண்ணியின் முழங்கால், குட்டியின் நிறம். அப்புறம் அவர் கேட்டார்: "அங்க அடிக்கிறாங்களா?" இந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அடிக்கலண்ணா. தலையத்தான் செரச்சுப்புட்டாங்க."

அலமாரி ஏன் பூட்டியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். சண்டை போடவில்லை, எதற்காக மொட்டை அடித்தீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நிர்வாகியிடம் பதில் இல்லை. தூரத்திலிருந்து வருபவர்கள் எந்த நேரத்தில் வந்தாலும் பார்க்கலாம் என்று அன்றைக்குப் பேச்சு முடிந்தது. நைட்டி அதே நைட்டிதான்.

சரி, ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ உடனடி ஆபத்து, தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு. காரணத்தையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். கட்டுகிற ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, சொல்ல வேண்டும். தனியறையில் போட்டுப் பூட்டுவதற்கு மட்டும் அனுமதியே கிடையாது. பின்னால் நான் போன ஒரு வார்டில் இதைச் சரியாகச் செய்கிற ஒரு சிஸ்டரைப் பார்த்தேன். கட்டிய துணிக்குள் தன் விரலை விட்டு இறுக்கம் பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார், அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆள் அடங்கியதும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுவார். அந்த வார்டிலும் ஆள் பற்றாக்குறைதான். அதனால் 'ஆள் இல்லை' என்ற சமாதானத்தை இப்போதெல்லாம் நான் அரைக்காதோடுதான் கேட்கிறேன்.

தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் எந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று கேட்டு வருகிறார்கள். பெயர் சொல்வதில்லை. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். புகார் என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும் என்பதையும் சொல்லிவைப்பேன். வரவேற்பறையும் சமையலறையும் அவர்களே காட்டிவிடுவார்கள். நீங்கள் கேட்டு, குளியலறையைப் பாருங்கள். தற்கொலை பயத்தில் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தால் அதில் நியாயம் உண்டு. வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரித் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது, அதைப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். கதவே இல்லையென்றால் பெட்டியை இறக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிவிடுங்கள்.