திருப்பிய வளையலுடன் ஓரியூருக்கு

காரைக்குடிப் பக்கத்தில் அடகு வைத்த நகையை மீட்பதைப் பேச்சு வழக்கில் ‘திருப்புவது’ என்போம். கெடு தவறி ஏலத்துக்குப் போன நகை ‘முழுகிப் போய்விட்டது’. மீட்பு, மீட்பர் என்பவை நான் கோயிலில் மட்டுமே கேட்டு வளர்ந்த சொற்கள். திருப்பலியில் அவற்றை எத்தனையோ முறை சொல்லியிருந்தும், அவற்றுக்கும் எங்கள் வீட்டு அடகுச் சீட்டுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை. சென்ற தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு கத்தோலிக்கத் திருத்தலங்களான சருகணிக்கும் ஓரியூருக்கும் போய்வந்தபோதுதான் அந்தத் தொடர்பை இறைவன் எனக்குக் காட்டினார்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அம்மா தம் இரண்டு வளையல்களை அடகு வைத்தார். நகரத்தார் வீட்டுத் திருமணங்களுக்கு மனகோலம், முறுக்கு போன்ற சீர்ப் பலகாரம் செய்து கொடுப்பது அவருடைய தொழில். எண்ணெய் காய்ந்ததும் சட்டியின் மேல் சிலுவை அடையாளம் வரைந்த பிறகே முதல் முறுக்கை உள்ளே போடுவார். அடகுச் சீட்டைத் திருவிவிலியத்துக்குள் வைத்திருந்தார். வட்டிப் பணத்தை, அவர் அடிக்கடி வேலை செய்யும் ஒரு வளவு வீட்டு ஆச்சியின் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துக் கட்டச் சொல்வார். 2020இல் ஊரடங்கு வந்தது. திருமணங்கள் வீட்டளவில் சுருங்கின, பலகாரம் சொல்லுவார் இல்லை, வட்டியும் நின்றுபோனது. வளையல் முழுகியிருக்கும் என்று அம்மா தாமே முடிவு செய்துகொண்டு, அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

எனக்கு வேலை நிலைத்துக் கையில் பணம் சேர்ந்தபோது, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, வட்டி ஒரு தவணைகூட நிற்கவில்லை என்றார். அம்மா பணம் அனுப்பாத மாதங்களிலும் கணக்குப்பிள்ளை வந்து கட்டிப் போயிருக்கிறார். ஆச்சி கட்டச் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றி ஆச்சி ஒரு வார்த்தையும் எங்களிடம் சொன்னதில்லை. நான் போய்க் கேட்டபோதும், “உங்க அம்மா கை பலகாரம் இல்லாம எங்க வீட்டுல ஒரு விசேஷம் நடந்திருக்கா அப்பச்சி?” என்றதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

வளையலைத் திருப்பினால் ஓரியூர்ப் புனித அருளானந்தரிடம் வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். செக்காலை சகாய மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் தேவகோட்டைக்குப் பேருந்து ஏறினோம். நகரத்தின் கோட்டை போன்ற வீடுகளைக் கடந்ததும் பொட்டலும் கருவேலமும்தான். முதலில் சருகணி. மருதுபாண்டியர் தேர் வழங்கிய கோயில் என்ற பெருமை அதற்கு உண்டு. 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்தச் சகோதரர்கள் முருகனையும் காளையார்கோவில் ஈசனையும் வணங்கியவர்கள். அவர்கள் இயேசுவின் கோயிலுக்குத் தேர் கொடுத்தார்கள் என்பதைச் சிறு வயதில் வரலாற்றுச் செய்தியாகவே கேட்டிருக்கிறேன். அன்று, ஆச்சியை நினைத்துக்கொண்டே அந்த வாசலில் நின்றபோது, அது எங்கள் வீட்டுச் செய்தியாகவும் இருந்தது. அங்கே இறை ஊழியர் லூயி லெவே அடிகளின் கல்லறை இருக்கிறது. 1884இல் பிரான்சில் பிறந்து, இந்தச் சீமையின் வெயிலிலேயே தம் வாழ்நாளைக் கழித்து, 1973 மார்ச் 21 அன்று சருகணியில் கண்மூடியவர் அவர். அம்மா கல்லறை மேல் கையை வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். திருப்பிய வளையல் அந்தக் கையில்தான் இருந்தது.

மீண்டும் தேவகோட்டைக்கு வந்து பேருந்து மாறி ஓரியூரை அடைந்தபோது உச்சி வெயில் ஏறியிருந்தது. லிஸ்பனில் 1647இல் உயர்குடியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோ, இங்கே காவி உடுத்தி, புலால் மறுத்து, அருளானந்தராகி நடந்த மண் இது. 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாகி, விடுதலைக்குப் பின் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்ட அவரை, இளமைத் தோழராகிய போர்ச்சுக்கல் அரசர் அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் திரும்பி வந்தார். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றதைத் தொடர்ந்து சேதுபதி மன்னருக்கு எழுந்த சினத்தால் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் இந்த இடத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அன்று தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன். அடுத்துள்ள நிலமெல்லாம் வேறு நிறத்தில் இருக்க, இந்த மணல் மட்டும் சிவந்திருப்பது அவர் சிந்திய இரத்தத்தால் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்புகிறார்கள். நெற்றியில் மண்ணைப் பூசிக்கொண்டு கண் கலங்கி நின்றவர்களில் செபமாலை அணிந்தவர்களும் இருந்தார்கள், திருநீறு அணிந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த மணலில் அமர்ந்திருந்தபோது விவிலியத்தில் வரும் ரூத்தின் கதை நினைவுக்கு வந்தது. வறுமையால் ஒருவன் தன் நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும் என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ரூத்தின் மாமியார் நகோமிக்கு அப்படி மீட்பராக வந்தவர் போவாசு. எங்களுக்கு வந்தவரோ உறவும் இல்லை, ஒரே மதமும் இல்லை, பிள்ளையார்பட்டிக்கு மாதந்தோறும் போய்வரும் ஆச்சி. பொன்னாலும் வெள்ளியாலும் அன்று, கிறிஸ்துவின் விலைமதிப்பற்ற இரத்தத்தால் நீங்கள் மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு தம் முதல் திருமுகத்தில் எழுதியதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் மீட்கப்படும் பொருளின் நிலையை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இரும்புப் பெட்டிக்குள் கிடந்த வளையலுக்குத் தன்னை யார் வைத்தார், யார் வட்டி கட்டினார் என்று எதுவும் தெரியாது. அது தன்னைத் தானே திருப்பிக்கொள்ளவும் முடியாது. நாங்கள் அது முழுகிவிட்டதென்று அழுது முடித்த பிறகும், ஒருவர் மாதந்தோறும் அதற்காகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இறைவனின் உடனிருப்பை நான் திருவிழாக்களிலும் அற்புதங்களிலும் தேடினேன். அதுவோ ஒரு கணக்குப்பிள்ளையின் கையில், நாங்கள் அறியாமல், எங்கள் தெரு வழியாகவே போய்வந்துகொண்டிருந்தது. அதை எழுதும்போது இன்றும் என் நெஞ்சு நிறைகிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “நம்மளைத் திருப்புறதுக்குத்தான சாமி உசிரக் குடுத்தாரு” என்றார். நான் பக்கம் பக்கமாக யோசித்ததை அவர் அடுப்படிப் பேச்சில் சொல்லி முடித்தார். பிறகு முந்தானையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து இரண்டிலும் சிவந்த மண்ணை மடித்துக்கொண்டார்.

காரைக்குடி வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் முன் அம்மா வளவு வீட்டுக்கு நடந்தார். முகப்பைத் தாண்டி வளவின் முற்றத்து ஓரப் பட்டியக்கல்லில் அமர்ந்திருந்த ஆச்சியிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் வளையல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். ஆச்சி அந்தக் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, நெற்றியில் இருந்த திருநீற்றுக்குக் கீழே சிறிது மண்ணை இட்டுக்கொண்டு, மீதியைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

“வெள்ளிக்கிழமைக்கு மனகோலம் சொல்லியிருக்காக,” என்றார் வந்து உட்கார்ந்தபடி. “நாளைக்குக் காலைல வந்திரு.”