சுருக்குப்பையில் இருந்த பாக்குவெட்டி

எனக்குக் களியக்காவிளை. எல்லை தாண்டிக் கேரளத்தில், ஒரு விமான நிலையத்தில் பல வருடங்கள் பெண் பயணிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். திரை மறைப்புக்குள் சின்ன மேடை, கையில் மெட்டல் டிடெக்டர், பக்கத்தில் முத்திரை. வளைகுடா விமானம் கிளம்பும் விடியற்காலைகளில் வரிசை முடியவே முடியாது.

"ஆளைப் பார்த்தாலே தெரியும், எல்லாரையும் எதற்கு ஒரே மாதிரி தடவிக்கொண்டு?" என்பார்கள் கூட வேலை செய்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாள் தேங்காப்பட்டணத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பர்தா, கையில் குழந்தை, புருஷனிடம் முதல் பயணம். கருவி கத்தியது, தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகள்தான். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். சத்தம் நின்ற பிறகும் விடாமல் ஏதேதோ கேட்டேன். "அக்கா, பிள்ள அழுவுது" என்றாள்.

அடுத்து முண்டும் நேரியதுமாக ஒரு பாட்டி. "மக்களே, காலு கடுக்குது" என்றதும் எனக்கு என் அம்மாச்சி நினைவு. இடுப்புப் பக்கம் கருவி கத்தியது. அரைஞாணாக இருக்கும் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். விமான ஏணி அருகே மறுசோதனையில், மடியில் இருந்த சுருக்குப்பைக்குள் பாக்குவெட்டி! எனக்கு மெமோ வந்தது.

பாட்டியால் யாருக்கும் ஆபத்தில்லை, சரி. ஆனால் அந்த மடியில் வேறொருவர் எதையாவது வைத்து அனுப்பியிருந்தால்? 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரூவில் நடந்தது அதுதான். ஆன்-மேரி மர்ஃபி, அயர்லாந்துக்காரி, கர்ப்பிணி. காதலன் நெசார் ஹிந்தாவி கொடுத்த பையின் அடியில் ஒன்றரை கிலோ அளவுக்கு வெடிமருந்து, அவருக்கே தெரியாது. விமான நிலையத்தின் வழக்கமான சோதனையைத் தாண்டிவிட்டார். அவர் ஏறவிருந்த இஸ்ரேல் விமான நிறுவனமான எல் ஆலின் காவலர்கள்தான் கேள்வி கேட்டு, பையைக் காலி செய்து, காலிப் பை இவ்வளவு கனக்குமா என்று பிடித்தார்கள். ஆள் பார்த்துச் சோதிப்பதற்கு இஸ்ரேலைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். அன்றைக்குக் காப்பாற்றியது முகமோ இனமோ இல்லையே. அதற்கும் முன்னால், 1972-இல் இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் 26 பேரைக் கொன்றவர்கள் மூன்று ஜப்பானியர்கள். அரபு முகங்களைத் தேடிய கண்ணுக்கு அவர்கள் எப்படித் தட்டுப்படுவார்கள்?

நடத்தையைக் கவனிப்பது வேறு. கை நடுங்குகிறவரிடம், பதில் மாற்றிச் சொல்கிறவரிடம் இன்னொரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. துணியையும் பெயரையும் பார்த்துச் சந்தேகப்படும்போது மற்றவர்கள் மேல் கை மேலோட்டமாகிவிடுகிறது. என் கை அப்படித்தான் ஆனது.

மெமோவுக்கு அப்புறம், கருவி கத்தினால் எது கத்தியது என்று கண்ணால் பார்க்காமல் நான் யாருக்கும் முத்திரை குத்தவில்லை. நகைக்காரம்மாவானாலும் சரி, ஊர்க்கார அக்காவானாலும் சரி.

அந்தப் பெண் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஊசிகளை மறுபடி குத்தினாள். ஒன்று கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.